பஸ்ஸில் போடும் பாட்டு யாருக்கு?

(தோட்ட சமூக மண்டபத்தில் நடந்த மாதாந்தக் குடும்ப ஒன்றுகூடலில் நிகழ்த்திய பேச்சு)



இன்றைக்கு பஸ்ஸில் போடும் பாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் பின்வரிசையில் தம்பிமார் சிரிக்கிறார்கள். "பாட்டுல என்னங்க பிரச்சினை?" என்று கேட்கத் தோன்றும். முதலில் நான் கண்ட ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

ஒரு கிளினிக் நாள். பின்னேரம் டவுனிலிருந்து தனியார் பஸ்ஸில் திரும்பி வருகிறேன். நல்ல மழை, ரோட்டில் பனிமூட்டம். பக்கத்துத் தோட்டத்து ஆச்சி ஒருவர் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். எழுபது வயது இருக்கும். அவர் தலைக்கு மேலேதான் ஸ்பீக்கர். அவருடைய ஹோல்ட் வந்ததும், "இறக்கம், தம்பி, இறக்கம்!" என்று கூப்பிட்டார். முன் கதவில் நின்ற கொண்டக்டருக்குக் கேட்கவில்லை. அந்தப் பாட்டுச் சத்தத்தில் எப்படிக் கேட்கும்? ஆச்சி திரும்பவும் கூப்பிட்டார். பஸ் போய்க்கொண்டே இருந்தது. ஒரு கட்டை தூரம் தாண்டித்தான் நிறுத்தினார்கள். ஆச்சி அந்த மழையில் இறங்கி, வந்த ரோட்டிலேயே திரும்பி நடந்தார்.

நான் மூன்று சீட் பின்னால் இருந்தேன். ஆச்சி முதல் தடவை கூப்பிட்டதே எனக்குக் கேட்டது. "முன்னால இருக்கிறவங்க யாராவது சொல்லுவாங்க" என்று சும்மா இருந்துவிட்டேன். அன்றிரவு எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை. கொண்டக்டருக்குக் கேட்கவில்லை, சரி. எனக்குக் கேட்டதே! அதனால்தான் இன்று இந்த விஷயத்தைப் பேச வந்தேன்.

நாம் பாட்டை வெறுக்கிறவர்கள் இல்லை. தப்பு அடிக்காமல் நமக்குத் திருவிழா உண்டா? காமன் கூத்து உண்டா? இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கடல் தாண்டித் தமிழ்நாட்டிலும் காத்திருந்து கேட்ட காலம் இருந்தது. அப்போது ஒரு லயத்தில் ஒரு வீட்டில் ரேடியோ இருந்தால் போதும், அந்த வாசலில் எல்லோரும் கூடிவிடுவார்கள். 1998 இல் தனியார் தமிழ் எப்.எம். வானொலிகள் வந்தன. இன்று ஆளுக்கொரு போன். நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து எடுத்தவருக்கு பஸ்ஸில் ஒரு நல்ல பாட்டுக் கேட்டால் மனசு லேசாகும். அதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் நம் பெரியவர்கள் சத்தத்துக்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். தப்பிலே கல்யாணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. அந்தக் காலத்தில் பெரட்டுக்கு ஆள் கூப்பிடவும் தப்புத்தான். சத்தத்தைக் கேட்டே விஷயத்தைத் தெரிந்துகொள்வார்கள். இன்றைக்கும் சாவு வீடு இருக்கிற லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ரேடியோவைத் திறப்பாரா? மாட்டார். சட்டம் ஒன்றும் இல்லை. பொலிஸும் வருவதில்லை. மரியாதை தெரிந்த சனம், அவ்வளவுதான்.

லயத்தில் யார் வீட்டில் என்ன துக்கம் என்று நமக்குத் தெரியும். பஸ்ஸில் அது தெரியாது. முன் சீட்டில் இருப்பவர் சாவு வீட்டுக்குப் போகிறவராக இருக்கலாம். பக்கத்தில் இருக்கும் தாய் காய்ச்சல் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம். பின்னால் நிற்கிற பிள்ளைக்கு அன்றைக்குப் பரீட்சை இருக்கலாம். வீட்டில் சத்தம் பிடிக்காவிட்டால் எழும்பி வெளியே போகலாம். ஓடுகிற பஸ்ஸில் எங்கே போவது? தெரியாத இடத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

சாரதி பக்க நியாயத்தையும் பார்க்க வேண்டும். 1958 இல் பஸ் சேவைகள் அரசுடைமையாகி இலங்கை போக்குவரத்துச் சபை வந்தது. 1979 இல் தனியார் பஸ்களுக்குத் திரும்பவும் இடம் கொடுத்தார்கள். அதன் பிறகு போட்டி வந்தது. பாட்டும் ஆள் சேர்க்கிற ஒரு வழியாகிவிட்டது. விடியற்காலையில் எழும்பி வருகிற சாரதிக்குப் பாட்டு ஒரு துணையும்தான். ஆனால் நம் மலை ரோட்டை யோசித்துப் பாருங்கள். கினிகத்தேனைப் பக்கமோ ரம்பொடைப் பக்கமோ, முடக்கில் எதிரே வருகிற வண்டியைக் கண்ணால் காணும் முன்னே ஹோர்ன் சத்தத்தில்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பனிமூட்டத்தில் அது இன்னும் முக்கியம். காதை அடைக்கிற பாட்டு இருந்தால் எந்த ஹோர்ன் கேட்கும்?

காதுக்கும் ஓர் அளவு உண்டு. 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணித்தியாலம் வரை கேட்கலாம் என்றும், 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணித்தியாலம்தான் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாம் ஒரு மணித்தியாலத்தில் இறங்கிப் போய்விடுவோம். சாரதியும் கொண்டக்டரும் நாள் முழுக்க அதற்குள்ளேயே இருக்கிறார்கள். போன செவிப்புலன் திரும்பி வராது. சத்தத்தைக் குறைக்கச் சொல்வது அவர்களுக்கும் நன்மைதான்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். தமிழ்ப் பாட்டுப் போட்டால் எவ்வளவு சத்தமானாலும் நமக்குச் சந்தோஷம். சிங்களப் பாட்டுப் போட்டால் "என்னா சத்தம்!" என்று முணுமுணுக்கிறோம். அவர்களிலும் அப்படி நினைப்பவர்கள் இருப்பார்கள்தானே? பஸ் எல்லா சனத்துக்கும் பொது. பாஷையைப் பார்க்காமல் சத்தத்தின் அளவைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்?

முதலாவது, வாயைத் திறந்து கேளுங்கள். "தோட்டத்து ஆளுங்க சொன்னா கேப்பாங்களா?" என்று நாமே நம்மைக் குறைத்துக்கொள்கிறோம். நாமும் டிக்கட் காசு கொடுத்துத்தான் போகிறோம். கொண்டக்டரிடம் அமைதியாக, "தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க" என்று சொல்லுங்கள். சிங்களம் பேசுகிறவர் என்றால், "மல்லி, சத்தய பொட்டக் அடு கரன்ன" என்றால் போதும். ஒருவர் கேட்டால் பக்கத்தில் இருப்பவரும் "ஆமா, குறைங்க" என்று சேர்ந்து சொல்லுங்கள். தனியாகக் கேட்பவரைத் தனியாக விடாதீர்கள்.

இரண்டாவது, வண்டி ஓடும்போது சாரதியோடு வாக்குவாதம் வேண்டாம். அது எல்லோருக்கும் ஆபத்து.

மூன்றாவது, கேட்டும் ஏசினால் பஸ் இலக்கம், நேரம், பாதை மூன்றையும் எழுதி வையுங்கள். மாகாணம் விட்டு மாகாணம் ஓடும் பஸ்களுக்கு 1991 ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழு இருக்கிறது. 1955 என்ற இலக்கத்துக்குப் பேசலாம். மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ் என்றால் மாகாணப் போக்குவரத்து அதிகார சபையிடம் முறையிட வேண்டும்.

நான்காவது, இது தம்பிமாருக்கு. ஸ்பீக்கரை மட்டும் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. பஸ்ஸில் நம் கையிலிருக்கும் போனும் கத்தக்கூடாது. இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள். இறங்கி ரோட்டில் நடக்கும்போது அதையும் கழற்றிவிடுங்கள், பின்னால் வருகிற லொறி கேட்க வேண்டும். கோயில் பயணத்துக்குச் சொந்தமாக பஸ் பிடித்துப் போனால் தாராளமாகப் பாடுங்கள். இரவில் லயங்களைத் தாண்டும்போது மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். காலையில் பெரட்டுக்குப் போக வேண்டிய சனம் உள்ளே தூங்குகிறது.

இரண்டு கிழமைக்குப் பிறகு அதே பாதையில் போனேன். அதே மாதிரிச் சத்தம். இந்த முறை எழும்பிப் போய்க் கேட்டேன். கொண்டக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சாரதியிடம் சொல்லிக் குறைத்தார். பாட்டு நிற்கவில்லை, அளவாகக் கேட்டது. பின்னால் இருந்த ஒரு தாய், "நல்லதுங்க, பிள்ளை இப்பதான் தூங்குது" என்றார். இவ்வளவு லேசான காரியத்தை அன்றைக்கு அந்த ஆச்சிக்காக நான் செய்யவில்லையே என்றுதான் நினைத்தேன்.

நாளைக்கு உங்கள் பஸ்ஸில் ஒரு பெரியவர் "இறக்கம்" என்று கூப்பிட்டு, கொண்டக்டருக்குக் கேட்காவிட்டால், உங்களுக்குக் கேட்கும். அப்போது உங்கள் குரலையும் சேர்த்துக் கொடுங்கள்.