படகும் பல்லும்: நாரும் துகளும் தரும் வலிமை

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



என் ஊர் செட்டிபாளையம். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே ஒடுங்கிய மணல் நிலம். பொருள்களின் வலிமை பற்றிப் பேசுமாறு சங்கத்தினர் கேட்டபோது, ஆய்வுகூடத்துக்கு முன்பாக அப்பாவின் படகுதான் என் நினைவுக்கு வந்தது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த சுனாமி எங்கள் கரையில் இருந்த படகுகளை அள்ளிச் சென்றது. அடுத்த வருடம் அப்பாவுக்கு உதவியாக ஒரு பைபர் படகு கிடைத்தது. பளபளவென்று இருந்தது. சில மாதங்களிலேயே அடிப்பக்கம் வெடித்துவிட்டது. ஒருநாள் விடியற்காலை தண்ணீரை இறைத்து இறைத்தே அப்பா கரைசேர்ந்தார். "மினுக்கத்தைப் பார்த்து நம்பிட்டம் புள்ள" என்றார். அந்தப் படகு ஏன் வெடித்தது என்பதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருடங்கள் சென்றன. அதையே இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

அம்மம்மா தும்புக் கயிறு திரிப்பார். ஒரு தும்பு குட்டையானதுதான். கயிறோ பல பாகம் நீளும். முறுக்கு இறுகும்போது ஒரு தும்பு தன் பாரத்தைப் பக்கத்துத் தும்புக்குக் கைமாற்றுகிறது. முறுக்குத் தளர்ந்தால் கயிறு இல்லை, வெறும் தும்புதான். பைபர் படகிலும் இதே கதைதான். அங்கே நார் கண்ணாடி. முறுக்கின் வேலையைச் செய்வது பொலியெஸ்டர் பிசின், அதாவது வேலைத்தலத்தில் 'ரெசின்' என்று சொல்வது.

உடையும் கண்ணாடியில் படகா என்று நீங்கள் கேட்கலாம். இங்கிலாந்தில் கிரிஃபித் என்ற பொறியியலாளர் 1921இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. சாதாரண கண்ணாடி ஒரு சதுர மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 17 கிலோகிராம் இழுவையில் அறுந்தது. அதே கண்ணாடியை மிக மெல்லிய இழையாக இழுத்தபோது அது 300 கிலோகிராமுக்கு மேல் தாங்கியது. கண்ணாடியை உடைப்பது அதிலுள்ள நுண்ணிய வெடிப்புகள். மெல்லிய இழையில் பெரிய வெடிப்புக்கு இடமில்லை.

பிசின் தனியே தாங்குவது 5 அல்லது 6 கிலோகிராம்தான். துண்டு நார்ப் பாயைப் பிசினில் தோய்த்துச் செய்த தகடு ஏறத்தாழ 10 கிலோகிராம் தாங்கும். இவ்வளவுதானா என்று தோன்றும். அந்தப் பாயில் நார்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. ஒரு திசையில் இழுக்கும்போது சில நார்களே முழுப் பாரத்தையும் சுமக்கின்றன. எடையிலும் ஏறத்தாழ 30 சதவீதமே கண்ணாடி. இரு திசைகளில் நெய்த நார்த்துணியை இட்டால் வலிமை இரு மடங்காகும். படகு கட்டுவோர் இரண்டையும் மாறிமாறி அடுக்குவது இதற்காகத்தான்.

அப்பாவின் படகில் இருந்து உடைந்த துண்டொன்றை நான் வைத்திருந்தேன். பின்னாளில் அதை உருப்பெருக்கியில் பார்த்தேன். அடுக்குகளுக்கிடையே காற்றுக் குமிழிகள். சில இடங்களில் நாரே இல்லாத வெறும் பிசின். சில இடங்களில் பிசின் படாத உலர்ந்த நார். உருளை கொண்டு அழுத்திக் குமிழிகளை வெளியேற்றும் வேலையை யாரோ அவசரத்தில் விட்டுவிட்டார்கள். மேலே பூசிய மினுக்கம் அத்தனையையும் மறைத்திருந்தது.

இனித் துகளுக்கு வருவோம். உங்களில் பலர் பல்லில் வெள்ளை அடைப்பு வைத்திருப்பீர்கள். அமெரிக்கரான ரஃபேல் போவன் 1962இல் காப்புரிமை பெற்ற பிசினில் இருந்து வளர்ந்தது அது. அதன் எடையில் பெரும்பகுதி கண்ணாடி, சிலிக்கா போன்றவற்றின் நுண்துகள். துகள்கள் பிசினைக் கடினமாக்கும், தேய்மானத்தைக் குறைக்கும், இறுகும்போது வரும் சுருக்கத்தையும் குறைக்கும். மெல்லும்போது வரும் அழுத்தத்தை அவை நன்றாகத் தாங்கும். ஆனால் துகளுக்கு நீளம் இல்லை. நாரைப் போல் அதனால் இழுவையைச் சுமக்க முடியாது. பல்லடைப்பிலும் துகளின் மேற்பரப்பில் சிலேன் என்ற பொருளைப் பூசிய பிறகே பிசின் அதனை இறுகப் பற்றுகிறது. எனவே செலவைக் குறைக்கப் பிசினில் தூளைக் கலந்து தடிப்பாக்கினால் படகு கனக்கும், விறைக்கும். அலை வளைக்கும்போது வெடிக்கும்.

இந்தத் தொழில் நமக்குப் புதிதல்ல. 1956இல் நோர்வே சென்ற அந்தோனி இராஜேந்திரம் அவர்களின் முயற்சியால் உருவான சீ-நோர் நிறுவனம், காரைநகரில் கண்ணாடிநார்ப் படகுகளைக் கட்டியது. சுனாமிக்குப் பின் அவசரத்தில் கட்டிய படகுகளின் தரக்குறைவு பற்றி ஐ.நா. உணவு விவசாய நிறுவனமும் எச்சரித்தது. கட்டுவோருக்கான கைநூல்களையும் அது வெளியிட்டது. அறிவு இருக்கிறது. அது படகு வாங்குபவரின் கைக்குத்தான் வந்து சேரவில்லை.

தங்கைமாரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். படகில் துளையிடும்போது விழும் சிறு துண்டை நிறுத்துக்கொள்ளுங்கள். புகைபோக்கி உள்ள ஆய்வுகூடத்தில், ஆசிரியையின் மேற்பார்வையில், அதை 600 பாகை செல்சியஸ் உலையில் எரியுங்கள். பிசின் எரிந்துபோகும், கண்ணாடி மிஞ்சும். மீண்டும் நிறுங்கள். துண்டு நார்ப் பாயால் மட்டும் செய்த தகட்டில் கண்ணாடி 30 சதவீதத்துக்கு வெகுவாகக் குறைந்திருந்தால் அந்தப் படகைப் பற்றிக் கேள்வி கேளுங்கள். பழுது பார்ப்பவரிடமும் ஒன்று சொல்லுங்கள்: ஈரத்தின் மீதும் பூச்சின் மீதும் ஒட்டுப் போடக்கூடாது. காயவிட்டு, பூச்சைச் சுரண்டி, தகட்டின் தடிப்பைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்த பின்பே புதிய நாரை இட வேண்டும்.

ஒரு தராசும் ஓர் உலையும் போதும். கரையில் காத்திருக்கும் வீடுகளுக்கு இந்தப் பாடசாலையால் செய்யக்கூடிய உதவி இது. நூறு வருடங்களாக இந்தச் சங்கத்தில் ஒருவர் பாரத்தை மற்றவர் கைமாற்றிச் சுமந்திருக்கிறோம். இனி உங்கள் முறை.