மன்றத்தில் ஒரு புதிய இருக்கை

சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலேறித் தாம்பரத்தில் இறங்குகிறவர்கள் ஒரு புது மாநகராட்சிக்குள் கால் வைக்கிறார்கள். ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 2021 நவம்பரில் உருவானது அது, 70 வார்டுகள். ஆனால் தன் மன்றத்தின் அமைப்பை அது தானே மாற்றிக்கொள்ள முடியாது. அந்த அமைப்பு மேலிருந்துதான் வரும்: 1687-இல் சென்னை மாநகராட்சிக்குச் சாசனம் கொடுத்தது கிழக்கிந்தியக் கம்பெனி. இன்று சாசனத்தின் இடத்தில் இருப்பது சட்டமன்றம் இயற்றிய நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம்.

அந்தச் சட்டத்தை 2025-இல் திருத்தினார்கள். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினர்களாக அமர வழி பிறந்தது. கிராம ஊராட்சிகளுக்கும் இதேபோல் தனித் திருத்தம் வந்தது.

நியமன உறுப்பினருக்கு ஓட்டு கிடையாது. எனக்கு அது பெரிய குறையாகத்தான் படுகிறது. ஆனாலும் பேசலாம், கேள்வி கேட்கலாம். மூடி உடைந்த மழைநீர் வடிகால், படி மட்டுமே உள்ள அலுவலகம், ஏற முடியாத நடைபாதை... இவற்றைத் தினம் அனுபவிக்கிறவரே எழுந்து சொல்லும்போது அதிகாரிகள் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால், அவர் உள்ளே வருவதற்குக் கூட்ட அரங்கின் வாசலில் சாய்தளம் போட வேண்டும்.