மரமேறுவோர் அணியும் கச்சை

மாத்தளை மாவட்டத்தின் செல்வத்தில் ஒரு பங்கு மரத்தின் மேலே இருக்கிறது. உக்குவளையிலும் ரத்தோட்டையிலும் வீட்டுத் தோட்டந்தோறும் கராம்பும் சாதிக்காயும் வளர்கின்றன. நக்கிள்ஸ் மலைச்சாரலிலே கித்துள் மரங்கள் பாணிக்கும் கருப்பட்டிக்கும் வேண்டிய சாற்றைத் தருகின்றன. கறியிலே மணக்கும் கராம்பை நாம் அறிவோம். அதைப் பறிக்க உச்சிக்குச் சென்றவரை நினைப்பவர் மிகச் சிலரே.

கராம்பு என்பது மலராத மொட்டு. பச்சை நிறம் மாறிச் செம்மை படரும் வேளையில், இதழ் விரியுமுன் அதனைப் பறித்தாக வேண்டும். மொட்டுகளோ கிளை நுனிகளிற் கொத்தாக நிற்கின்றன. கிளைகளோ எளிதில் முறியும் இயல்பின. ஆகவே, அவசரமாக, எட்டிச் சாய்ந்து, நம்ப முடியாத கிளையை நம்பிச் செய்யும் தொழில் இது.

இத்தொழிலுக்குத் துணையாக வந்திருப்பது பாதுகாப்புக் கச்சை. தோள், மார்பு, இடுப்பு, இரு தொடைகள் ஆகியவற்றை வார்களாற் பிணைக்கும் இதனைக் கடைக்காரர் 'ஹார்னஸ்' என்பர். இடுப்பில் மட்டும் கட்டும் 'பெல்ட்' இதற்கு ஈடாகாது. விழும்போது உடலின் பாரம் முழுவதும் அந்த ஒரே பட்டியில் இறங்கி, வயிற்றையும் முதுகெலும்பையும் தாக்கும். விழுவோரைத் தாங்குவதற்கு இடுப்புப் பட்டியைப் பயன்படுத்தலாகாதென அமெரிக்கத் தொழிற் பாதுகாப்பு விதிகள் 1998 ஆம் ஆண்டிலிருந்து விலக்கியிருப்பதும் இதனாலேயே.

எங்கள் பாடசாலை மாணவன் ஒருவனின் தந்தை, மரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து பல மாதம் படுக்கையிற் கிடந்தார். அவரிடம் கச்சை இருந்தது. அன்று அது அடிக்கிளையிலே தொங்கிக் கொண்டிருந்தது. "தொடையை அறுக்கிறது, ஐயா" என்றார் அவர். உடலை உறுத்தும் கச்சையை எவரும் நெடுநேரம் அணியார். அணியாத கச்சை எவரையும் காவாது. எனவே கச்சையின் சுகம் என்பது ஆடம்பரமன்று. அதுவே பாதுகாப்பின் முதற்படி.

அதைத் தெரிவு செய்வது எப்படி? வேலைக்கு உடுக்கும் உடையோடு அணிந்து பாருங்கள். சாரத்தின் மடிப்பு வாரின் கீழ் அகப்பட்டால் தோலை உரசும். அளவான காற்சட்டையே ஏற்றது. இடுப்பு வார் இடுப்பெலும்புக்கு மேலே நிற்க வேண்டும். தொடை வாருக்கும் தொடைக்கும் இடையே விரித்த கை நுழையலாம். மடக்கிய முட்டி நுழையலாகாது. மார்பு வார் நடுமார்பிலும், முதுகு வளையம் தோட்பட்டைகளின் நடுவிலும் அமையட்டும். தொடையிலும் இடுப்பிலும் மெத்தை வைத்த வார் நெடுநேர வேலைக்கு நன்று.

பின்னர், தாழ்ந்ததொரு பலமான கிளையிற் கயிற்றை மாட்டி, நிலத்துக்கு ஒரு சாண் உயரத்தில், ஒருவர் அருகே நிற்கச் சில நிமிடம் தொங்கிப் பாருங்கள். கால் மரத்தால், வார் விலாவரை ஏறினால், கவட்டை நெரித்தால், இறங்கி வாரைச் சரிசெய்யுங்கள். எவ்வளவு சரிசெய்தும் பொருந்தாவிடின் வேறு அளவு வாங்குங்கள். இச்சோதனையை உச்சியிலே செய்ய இயலாது.

இடுப்பின் பக்க வளையங்கள் மரத்தைச் சுற்றிய கயிற்றிற் சாய்ந்து வேலை செய்வதற்கே உரியவை. விழுவதைத் தடுக்கும் கயிறு மார்பு அல்லது முதுகு வளையத்திற் பொருந்தி, தலைக்கு மேலே அடிமரத்தோடு இணைய வேண்டும். ஏறுமுன் தையலையும் கொக்கியையும் பாருங்கள். வெயிலும் பற்றரி அமிலமும் நைலோனை நலிவிக்கும். ஒருமுறை விழுந்தவரைத் தாங்கிய கச்சையை மீண்டும் அணியலாகாது.

இன்னொன்று: தனியே ஏறாதீர்கள். கச்சையில் அசைவின்றித் தொங்குபவரின் இரத்தம் கால்களிலே தேங்கி, சில நிமிடங்களில் மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். விரைந்து இறக்குவதற்குக் கீழே ஒருவர் வேண்டும்.

கூலிக்கு ஆள் அழைக்கும் தோட்டக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரே கச்சையை எல்லோருக்கும் மாட்டிவிட்டுக் கடமை முடிந்ததென இருந்துவிடாதீர்கள். மெலிந்தவருக்கும் பருத்தவருக்கும் வாரை அளந்து மாற்றுவதற்கு ஐந்து நிமிடம் போதும். முறிந்த எலும்பு பொருந்தவோ மாதங்கள் செல்லும். அம்மாதங்களில் அவர் வீட்டு அடுப்பும் பிள்ளைகளின் படிப்பும் என்னாகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.