நடப்போருக்குத் தெரு இல்லையா?



கப்பல் ஒன்று கவிழ்ந்து 90 பேர் மாண்டால் நாடு கதறுகிறது. நாளேடுகள் கண்ணீர் வடிக்கின்றன. ஆனால், 2022ஆம் ஆண்டில் மட்டும், தெருவில் நடந்து சென்ற 32,825 பேர் இந்தியாவில் வண்டி மோதி மாண்டனர் என்று மைய அரசின் கணக்கே கூறுகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 90 பேர்! நாள்தோறும் ஒரு கப்பல் கவிழ்கிறது. நாமோ "விதி" என்று கூறிவிட்டு வீடு திரும்புகிறோம்.

விதியா இது? இல்லை, தோழர்களே, வீதி! வீதியை அமைத்த முறையிலே உள்ள பிழை!

ஏறத்தாழ 7 இலட்சம் மக்கள் வாழும் ஆஸ்லோ, நார்வே நாட்டின் தலைநகரம். 2019ஆம் ஆண்டு முழுவதும் அங்கே நடந்து சென்றோரில் ஒருவர்கூட வண்டி மோதி மாளவில்லை. மந்திரம் ஓதினார்களா? மாநகராட்சி வேக வரம்பைக் குறைத்தது. நகரின் நடுவே கார்கள் அடைத்து நின்ற இடத்தை மக்களுக்குத் திருப்பித் தந்தது. 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் பெரும்பாலோர் பிழைப்பர். 50ஐத் தாண்டினால் எமனுக்கு வேலை எளிதாகிவிடும். இந்தக் கணக்கை அவர்கள் சட்டமாக்கினர். நாம் கேட்டுவிட்டு மறந்தோம்.

நம் ஊர்களைப் பாருங்கள்! நடைபாதை என்று பெயர்; அதன்மேல் நிற்பதோ மின்மாற்றி, குப்பைத்தொட்டி, கடைக்காரரின் பெயர்ப்பலகை! கைத்தடி ஊன்றிய முதியவரும், புத்தகப்பை சுமந்த சிறுமியும் லாரிகளுக்கிடையே வழி தேடுகின்றனர். நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையின்றி இருக்கவேண்டும், உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டலாகாது என்கிறது இந்திய சாலைக் காங்கிரசின் விதிமுறை. ஏற முடியாத நடைபாதை இல்லாத நடைபாதைக்குச் சமம் அல்லவா?

பணம் இல்லை என்பர். சென்னை மாநகராட்சி 2014இல் வகுத்த கொள்கை, போக்குவரத்து நிதியில் 60 விழுக்காட்டுக்குக் குறையாமல் நடப்போருக்கும் மிதிவண்டியினருக்கும் என்றது. 2019இல் பாண்டி பசாரிலே அகன்ற நடைபாதை எழுந்தது. பட்டுப்புடவை வாங்கும் தெருவில் முடிந்தது, பஞ்சாலைத் தொழிலாளி நடக்கும் தெருவில் முடியாதா?

நடைபாதை வியாபாரியை விரட்டுவதே வழி என்று சிலர் கிளம்புவர். ஏமாறாதீர்! அவரும் ஏழை, அவருக்கு இடம் ஒதுக்கித் தரச் சொல்கிறது 2014ஆம் ஆண்டுச் சட்டம். காய்கறிக் கூடை ஓர் ஓரத்தில் அடங்கும். கார்தான் பாதை முழுவதையும் விழுங்குகிறது.

சட்டம் நம் பக்கம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், சாலை அமைப்பின் குறையால் உயிர் போனால், பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க வழி செய்தது. நடைபாதை மக்களின் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025இல் உச்சநீதிமன்றம் உரைத்தது.

எனவே, தோழர்களே, கொடி பிடித்த கையில் அளவுநாடா பிடியுங்கள்! உங்கள் வார்டின் ஒவ்வொரு தெருவையும் அளந்து எழுதுங்கள். பள்ளி வாசலில் வேகத்தடை உண்டா? கடக்கும் இடத்தில் வெள்ளைக்கோடும் விளக்கும் உண்டா? கணக்கை மன்றத்திலே வையுங்கள். உறுப்பினர் நம்மவராயினும் விடாதீர். நம்மவரென்றால் இருமடங்கு கேளுங்கள்! வாக்குச் சாவடிக்கு நடந்து வந்த மக்கள், வீட்டுக்கும் உயிரோடு நடந்து திரும்பவேண்டும்.