நெல்லூர் மாடும் பிரேசில் கறியும்
(பென்னலூரில் தொழிற்சாலைத் தோழர்கள் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் மாட்டுக்கறி சுடுவது என்பதாகும். பகுத்தறிவுக் கூட்டத்தில் சமையலைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். இந்நாட்டில் கத்தரிக்காயைப் பற்றிப் பேசினால் அது சமையல். மாட்டுக்கறியைப் பற்றிப் பேசினாலோ கடவுளும், ஜாதியும், சர்க்காரும், வாடகை வீட்டுக்காரரும் அழையாமலே வந்து உட்கார்ந்து கொள்ளுகிறார்கள். நான் சமையலைப் பற்றித்தான் பேசப் போகிறேன். மற்றவர்கள் வருகிறபோது அவர்களையும் பார்த்துக் கொள்ளலாம்.

இருங்காட்டுக்கோட்டையிலும், ஒரகடத்திலும் வேலை செய்யும் தோழர்கள் சிலர், “பிரேசில்காரர்கள் பிக்கான்யா என்று ஒரு கறியைப் பெரிதாகச் சொல்லுகிறார்களே, அது எது? இங்கே கிடைக்குமா? வீட்டில் சுட முடியுமா?” என்று கேட்டார்கள். கிடைக்கும், சுடவும் முடியும். ஆனால் அது எங்கிருந்து போயிற்று என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிக்கான்யா என்பது மாட்டின் பின்சப்பையின் மேலே, முதுகு முடிந்து வால் தொடங்குவதற்கு முன்னால், மூடி போட்டதுபோல் படுத்திருக்கும் முக்கோணமான ஒரு சதை. அதன் ஒரு பக்கத்தில் விரற்கடை கனத்துக்கு வெள்ளைக் கொழுப்பு படிந்திருக்கும். மாடு ஓட்டுகிறவர்கள் கோலால் குத்துகிற இடம் அது என்பதால், அந்தக் கோலின் பேரே கறிக்கும் வந்துவிட்டது என்று அந்நாட்டார் சொல்லுவார்கள். நம் ஊரில் ஏர் ஓட்டினவனும், வண்டி ஓட்டினவனும் தார்க்குச்சியால் குத்தினது எந்த இடத்தில் என்று உங்கள் பாட்டனைக் கேட்டால், பிக்கான்யா எது என்று அவர் கையை வைத்தே காட்டிவிடுவார். அகராதி வேண்டியதில்லை.

சரி, அந்தச் சதையைத் தாங்குகிற மாடு எது? பிரேசிலில் 20 கோடிக்கு மேற்பட்ட மாடுகள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பகுதி நெலோரே என்கிற இனமும் அதன் கலப்பும். நெலோரே என்றால் நம்முடைய நெல்லூர்தான், தோழர்களே! அன்றைக்குச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர், ஒங்கோல் பக்கத்து வெள்ளை மாடு. 1868இல் ஒரு கப்பல் அந்த இனத்தில் ஒரு ஜோடியைப் பிரேசிலின் சால்வடார் துறைமுகத்தில் இறக்கி விற்றுவிட்டுப் போயிற்று. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருந்து, 1960களின் தொடக்கத்தில் நல்ல காளைகளாகப் பொறுக்கி வாங்கிப் போனார்கள். ஒங்கோலுக்குப் பக்கத்துக் கரவதி என்ற ஊரின் பேரைத் தாங்கிய காளை ஒன்று அங்கே ஒரு பெரிய வம்சத்துக்கே தகப்பனாகிவிட்டது. 2023இல் வியாட்டினா-19 என்ற நெலோரே பசுவின் பங்கு ஏலத்தில் போனபோது, மொத்தப் பசுவின் மதிப்பு 40 இலட்சம் டாலருக்கு மேல், அதாவது நம் கணக்கில் 30 கோடி ரூபாய்க்கு மேல் என்று ஆயிற்று. உலகத்தில் அதைவிட அதிக விலைக்குப் போன மாடு இல்லை என்று கின்னஸ் புத்தகத்திலும் ஏறிற்று. அந்த இனத்தைத் தாயாக வணங்குகிறோம் என்று சொல்லுகிற நாட்டிலோ, டிராக்டர் வந்த பிறகு ஒங்கோல் மாடு குறைந்துகொண்டே போகிறது. மாட்டைக் கும்பிட்ட தேசத்தில் மாடு தேய்ந்தது. மாட்டைத் தின்ற தேசத்தில் மாடு பெருகிற்று. இந்தக் கணக்கை எந்தச் சாஸ்திரத்தை வைத்துத் தீர்ப்பது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பிரேசிலை ஒரே தூக்காகத் தூக்கிப் பேச வரவில்லை. மேய்ச்சல் நிலத்துக்காக அமேசான் காட்டை அழிக்கிற அக்கிரமமும் அங்கேதான் நடக்கிறது. ஆனாலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 2022 தேர்தலில் லூலா ஓட்டுக் கேட்டபோது, ஏழைகள் மறுபடியும் பிக்கான்யா சுட்டுத் தின்று பீர் குடிக்கிற நாள் வரவேண்டும் என்று பேசினார், ஜெயித்தும் விட்டார். அதே 2022இல் இங்கே என்ன நடந்தது? திருப்பத்தூர் ஜில்லா நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா வைக்கப்போவதாகச் சொல்லி, மாட்டுக்கறிப் பிரியாணிக்கு மட்டும் இடமில்லை என்றது. ஜனங்கள் ஆட்சேபித்தார்கள். மழையைக் காரணம் காட்டித் திருவிழாவே தள்ளிவைக்கப்பட்டது. தாழ்த்தப்பட்டோருக்கான மாநிலக் கமிஷன், இது பாகுபாடல்லவா என்று கலெக்டரைக் கேட்டது. கோழிக்கும் ஆட்டுக்கும் இல்லாத இந்த விலக்கு மாட்டுக்கு மட்டும் ஏன் வந்தது? அதைத் தின்கிறவர் யார் யார் என்பதுதான் காரணமேயொழிய வேறில்லை. தீண்டாமையின் வேரே மாட்டுக்கறியில் இருக்கிறது என்று டாக்டர் அம்பேத்கர் 1948இல் ஒரு புத்தகமே எழுதினார். ஆம்பூர்க்காரர்களுக்கு அதைப் புத்தகத்தில் படிக்க வேண்டிய அவசியமே இல்லாமற் போயிற்று.

நம் தொழிலாளத் தோழர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கறுப்புப் பையில் சுற்றி, அதற்கு மேல் ஒரு துணிப்பையும் போட்டு, மாடிப்படியில் ஓசைப்படாமல் ஏறுகிறார்களே, அதைத்தான் நான் சொல்ல வந்தேன். திருடினவன் அப்படி ஏறலாம். காசு கொடுத்துக் கறி வாங்கினவன் எதற்காக அப்படி ஏற வேண்டும்? “சைவமா?” என்று கேட்டு வீடு விடுகிறவர்கள் கேட்பது வயிற்றைப் பற்றியல்ல, ஜாதியைப் பற்றி. வாடகை வாங்குகிறவருக்கு வீட்டின் சுவர்மேல்தான் பாத்தியதை உண்டு, குடியிருப்பவனுடைய சட்டிமேல் இல்லை. வேண்டாம் என்கிறவர் தின்ன வேண்டாம். அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இந்தப் பக்கத்துக்கு வந்திருக்கிற கொரியாக்காரர் மேஜையிலேயே அடுப்பை வைத்து மாட்டுக்கறி சுட்டால் அது நாகரிகம், சேரியில் சுட்டால் அது அசுத்தம் என்கிற இரட்டைத் தராசைத்தான் ஒப்புக்கொள்ள முடியாது என்கிறேன்.

“உழுகிற மாட்டைத் தின்னலாமா?” என்று கருணை பேசுகிறவர்களும் உண்டு. உழுகிறவன் அப்படிக் கேட்பதில்லை. கிழ மாட்டை விற்றால்தான் அவன் அடுத்த ஜோடிக்குப் பணம் புரட்ட முடியும். 2017 மே மாதம் மத்திய சர்க்கார், சந்தையில் மாடுகளை வெட்டுக்கு விற்கக்கூடாது என்று விதி செய்தபோது, மே 30ந் தேதி சென்னை ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை அதை நிறுத்திவைத்தது. பின்னர் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தடை நாடு முழுமைக்கும் செல்லும் என்றது. அந்தச் சமயத்தில் சென்னை ஐ.ஐ.டி.யில் மாட்டுக்கறி விருந்தில் கலந்துகொண்ட ஒரு மாணவர் கண்ணில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஜீவகாருண்யம் எப்படி வேலை செய்கிறது பாருங்கள்!

நிற்க. இனி அடுப்புக்கு வருவோம்.

நம் ராஜ்யத்தில் 1958ஆம் வருஷத்துச் சட்டப்படி, 10 வயதுக்கு மேற்பட்டு வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாட்டையோ, காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக உதவாமற் போனதையோதான் சர்ட்டிபிகேட்டு வாங்கி அறுக்கலாம். பசுவை அறுப்பது 1976 உத்தரவால் தடுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் கிழ எருதும் எருமையும். பிரேசிலில் இரண்டு மூன்று வயசுக் காளையைச் சுடுகிறார்கள். இந்த வித்தியாசத்தை மறந்து அவர்களைப் போலவே செய்தால் செருப்புத் தோலைக் கடித்த கதையாகும்.

கடைக்கு விடியற்காலையில், தொடையைத் துண்டு போடுவதற்கு முன்னே போக வேண்டும். நம் கடைகளில் குழம்புக்கென்று எல்லாவற்றையும் ஒரே அளவாகக் கொத்திவிடுவது வழக்கம். கறி கெடுவது மாட்டினால் அல்ல, அந்தக் கொத்தினால். “அண்ணே, பின்சப்பையிலே வாலடிக்கு முன்னாலே மேலே மூடியிருக்கிற சதை, கொழுப்பை எடுக்காமல் ஒரே துண்டாக வேண்டும்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். முந்தின நாளே சொல்லி வைத்தால் இன்னும் நல்லது. துண்டு 1 கிலோவுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஒன்றரைக் கிலோவைத் தாண்டினால், கீழே இருக்கிற முரட்டுத் தொடைச் சதையும் சேர்ந்து வந்துவிட்டது என்று அர்த்தம். அதை வெட்டிக் குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம். விலை ஆட்டுக்கறியில் பாதிகூட ஆகாது.

கொண்டுவந்ததை அன்றைக்கே சுடாதீர்கள். ஈரத்தைத் துடைத்து, மூடி, குளிர்பெட்டியின் அடித்தட்டில் இரண்டு நாள் வைத்தால் நார் தளரும். மிகவும் கிழடு என்று தோன்றினால், சுடுவதற்கு அரைமணி முன்பு பச்சைப் பப்பாளிக் காயைக் கொஞ்சம் அரைத்துத் தடவித் துடைத்துவிடலாம். பிரேசில்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார், சிரிக்கட்டும். அவர் 10 வயது எருதைச் சுட்டுப் பார்த்தவரல்ல. பிறகு நார் ஓடுகிற திசையிலேயே மூன்று விரற்கடை கனத்துக்குத் துண்டு போட்டு, கொழுப்பு வெளிப்பக்கம் வரும்படி பிறைச் சந்திரனைப்போல் வளைத்துக் கம்பியில் கோக்க வேண்டும். மசாலை ஒன்றும் வேண்டாம், கல்லுப்பு மட்டும். அவர்கள் பயன்படுத்துவதும் கல்லுப்புதான். அதை மரக்காணத்திலிருந்து வாங்கினால் போதும்.

சீமைக் கருவேலங்கரி மலிவாய்க் கிடைக்கிறது, அனலும் நின்று எரியும். திறந்த மாடியில்தான் மூட்ட வேண்டும். சாத்தின அறையில் கரியடுப்பை வைத்தால் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத விஷவாயு ஆளையே கொன்றுவிடும். ஒரே அறையில் ஆறுபேர் படுக்கிற தோழர்கள் இதை முக்கியமாக மனத்தில் வைக்க வேண்டும். கரி சாம்பல் பூத்து, கையை மேலே பிடித்தால் நாலைந்து எண்ணும்வரை பொறுக்கிற சூடு வந்ததும், முதலில் கொழுப்புப் பக்கத்தைக் காட்டுங்கள். கொழுப்பு சொட்டி நெருப்பு எழும்பினால் கம்பியை நகர்த்துங்கள். கருகின பாகத்தைத் தின்ன வேண்டாம். இம்மாதிரி இறைச்சியை மிதமிஞ்சித் தின்பது குடலுக்கு ஆகாது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கிளை 2015இல் எச்சரித்திருக்கிறது. மாட்டுக்கறி நம் கட்சி என்பதற்காக அதை மறைக்கக்கூடாது. சிவப்பாய் நிறுத்துவதுதான் பெரியமனிதத்தனம் என்று எண்ணி உள்ளே பச்சையாகவும் விடாதீர்கள். மாட்டுக்கறி வழியாய் வருகிற நாடாப்புழு நன்றாய்ச் சூடேறினால்தான் சாகும்.

இறக்கினவுடன் வெட்டாமல் பத்து நிமிஷம் ஆறவிட்டு, ஒட்டியிருக்கிற உப்பைக் கத்தியின் முதுகால் தட்டி உதிர்த்துவிட்டு, இந்தத் தடவை நாருக்குக் குறுக்கே, வெற்றிலைக் கனத்துக்குச் சீவுங்கள். கிழ மாட்டுக்கு இந்தக் குறுக்கு வெட்டுத்தான் பாதி வைத்தியம். மிஞ்சினதை மறுநாள் சின்ன வெங்காயம், மிளகோடு தாளித்து, டிபன் கேரியரில் வைத்து ஷிப்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம். மூடியைத் திறந்தே சாப்பிடுங்கள்.