மங்குப் பாலும் கடல் தொட்டியும்

(‘வீட்டுக்குள் கடல்: ரசனையா, வீண்செலவா?’ என்ற தலைப்பில் தொலைக்காட்சி மன்றத்தில் ‘ரசனையே’ என்ற அணியின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



எதிரணியில் பேசிய நண்பர் ஒரு கணக்குச் சொன்னார். தொட்டிக்கு இவ்வளவு, விளக்குக்கு இவ்வளவு, உப்புக்கு இவ்வளவு, கடைசியில் மீன் செத்தது, பவளம் வெளுத்தது, போட்ட வெள்ளி எல்லாம் போச்சு என்றார். கணக்கு சரிதான். ஆனால் மீன் ஏன் செத்தது என்று அவர் சொல்லவே இல்லையே! அதைச் சொல்லாமல் தீர்ப்பு எழுதலாமா?

சுங்கைப்பட்டாணியில் ஒரு தாமான் வீட்டை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பேரன் படித்து, வேலைக்குப் போய், முதல் போனஸில் இருநூறு லிட்டர் கடல் தொட்டி வாங்கி ஹாலில் வைக்கிறான். தாத்தா பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டு பால் வெட்டியவர். தண்ணீரில் உப்பைக் கரைத்தாயிற்று, கல் அடுக்கியாயிற்று, பத்தாம் நாளே இரண்டு கோமாளி மீன்களும் வந்தாயிற்று. சோதித்துப் பார்த்தால் பிஎச் 7.8. புத்தகத்தில் 8.2 என்று போட்டிருக்கிறது. பையன் பதறிவிட்டான். கடைக்கு ஓடி, பிஎச் ஏற்றும் மருந்து ஒரு போத்தல் வாங்கி ஊற்றினான். மறுநாள் காலை 8.4. பையனுக்குச் சந்தோஷம். ஆனால் மீன் இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்குகின்றன. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பிஎச் பழையபடி 7.8. மறுபடியும் போத்தல்!

நடுவர் அவர்களே, இந்த இடத்தில்தான் எதிரணி நண்பரின் மீன் செத்திருக்கும்.

பேரன் தாத்தாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் சிரித்தாராம். “தம்பி, இது பால் ஸ்டோர் கணக்குடா” என்றாராம்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது புரியும். மங்கில் விழும் பால் அப்படியே இருந்தால் புளித்துத் திரிந்துபோகும். பால் பாலாகவே இருக்க வேண்டுமென்றால் அமோனியா ஊற்றுவார்கள். அது காரம். சீட் போட வேண்டுமென்றால் பார்மிக் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து ஊற்றுவார்கள். பால் உறையும். அது அமிலம். பிஎச் என்ற சொல்லைக் கேள்விப்படாமலே, காலமெல்லாம் பிஎச்சோடு பழகியவர்கள் நம் தோட்டத்து மக்கள். ஆசிட் கூடினால் சீட் கெட்டுவிடும் என்பதும், அவசரப்பட்டு ஊற்றக்கூடாது என்பதும் அவர்கள் கைக்குத் தெரியும்.

சரி, தொட்டியில் நடந்தது என்ன? புதுத் தொட்டி என்பது பச்சைக் குழந்தை மாதிரி. மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகி அமோனியா ஆகும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். இந்தக் கூட்டம் குடியேறி வேலையில் இறங்க நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்குமுன் மீன் விட்டதே முதல் தவறு. இரண்டாவது தவறு போத்தல். பிஎச் ஏற ஏற, தண்ணீரில் இருக்கும் அமோனியாவில் நச்சுப் பங்கு கூடுகிறது. பிஎச் ஒரு முழு எண் உயர்ந்தால் அந்தப் பங்கு கிட்டத்தட்டப் பத்து மடங்கு! மீனைக் காப்பாற்ற ஊற்றிய மருந்தே மீனின் தொண்டையை நெரித்தது.

ஏறிய பிஎச் ஏன் மறுபடி இறங்கியது? பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு சக்தி தண்ணீருக்கு உண்டு. அதை அல்கலினிட்டி என்பார்கள். மீன் வளர்ப்பவர்கள் கேஎச் என்று அளப்பார்கள். இயற்கைக் கடலில் அது சுமார் 7. பவளத் தொட்டியில் 8, 9 என்று வைத்துக்கொள்வது பழக்கம். அமோனியாவை நைட்ரேட் ஆக்கும் வேலை நடக்கும்போது அமிலம் உண்டாகி இந்தக் கேஎச்சைத் தின்னும். பையன் ஒரு நாள்கூடக் கேஎச் பார்க்கவில்லை. வீட்டுத் தூண் இற்றுப்போயிருக்க, கூரைக்குச் சாயம் பூசினால் வீடு நிற்குமா?

இன்னொரு காரணம் தண்ணீரில் இல்லை, ஹாலில் இருக்கிறது. ஏர்கோன் போட்டுக் கதவு, சன்னல் எல்லாம் மூடி, ஆறு பேர் உட்கார்ந்து நாடகம் பார்க்கிறார்கள். ஆறு பேர் விடும் கரியமில வாயு எங்கே போகும்? தொட்டித் தண்ணீரில் கரைந்து பிஎச்சை இறக்கும். இதைக் கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். தொட்டித் தண்ணீரை இரண்டு குவளையில் எடுங்கள். காற்று பம்பு வைத்து ஒன்றை ஹாலிலும் மற்றொன்றை வாசலிலும் ஒரு மணி நேரம் குமிழ் விடச் செய்யுங்கள். வாசல் குவளையில் மட்டும் பிஎச் ஏறினால், குற்றவாளி வீட்டுக் காற்றுதான்.

பேரன் என்ன செய்தான்? முதலில் கால்வாசித் தண்ணீரை மாற்றி அமோனியாவை இறக்கினான். தாத்தா சன்னலைத் திறந்துவிட்டார். கேஎச் சோதித்தால் 6. சமையல் சோடா வாங்கினார்கள். நூறு லிட்டருக்கு மூன்று கிராம் போட்டால் கேஎச் ஏறக்குறைய ஒன்று உயரும். ஒரு நாளைக்கு ஒன்றுக்குமேல் ஏற்றாமல் இரண்டு நாளில் 8-க்குக் கொண்டுவந்தார்கள். சமையல் சோடா பிஎச்சை உடனே தூக்கிவிடாது, தூணைத்தான் பலப்படுத்தும். அதுதான் தேவை.

அதன்பிறகு காலையும் மாலையும் அளந்து எழுதி வைத்தார்கள். விடியற்காலை 7.9, மாலை 8.2. பையன் மறுபடி பதறினான். பதற வேண்டியதே இல்லை! பகலில் விளக்கு எரியும்போது பாசியும் பவளமும் கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும், பிஎச் ஏறும். இரவில் எல்லாம் மூச்சு விடும், பிஎச் இறங்கும். தொட்டிக்கும் பகல் இரவு உண்டு. 7.8 முதல் 8.4 வரைக்குள் இந்த ஊஞ்சல் ஆடினால் போதும். எண்ணைத் துரத்தக் கூடாது. ஆட்டம் எல்லை தாண்டாமல் பார்த்தால் போதும்.

பவளம் வளரத் தொடங்கியபின் ஒரு கைவைத்தியம் உண்டு: சுண்ணாம்புத் தெளிவு. வெற்றிலைச் சுண்ணாம்பு அல்ல, உணவுத் தரமான சுத்தச் சுண்ணாம்பு. ஒரு லிட்டர் சுத்தத் தண்ணீரில் ஒன்றரை கிராம் அளவே கரையும். தெளிந்த நீரை மட்டும் எடுத்து, ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு ஈடாக, இரவில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இதன் பிஎச் 12-க்கு மேல். சொட்டாக விட்டால் மருந்து, மொத்தமாகக் கொட்டினால் விஷம்.

நடுவர் அவர்களே, இதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. பவளம் என்பதே சுண்ணாம்பு. மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள். அங்கே ஒரு காலத்தில் பவளப் பாறைகளை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாயில் சுட்டார்கள். அரண் போனது; இரண்டு தீவுகள் கடலுக்குள் அமிழ்ந்தே போயின. 1986-இல் அது கடல் தேசியப் பூங்கா ஆனது.

நம் கெடாவிலும் அப்படிப்பட்ட செல்வம் உண்டு. லங்காவிக்குத் தெற்கே பாயார் தீவுக் கடல் பூங்கா. அங்கிருந்து ஒரு துண்டுப் பவளம் எடுப்பதும் குற்றம். ஆனால் 2010-இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது, தியோமான், ரெடாங் தீவுகளோடு பாயாரிலும் சில முக்குளிப்பு இடங்களைச் சில மாதம் மூட வேண்டி வந்தது. அங்கே சன்னலைத் திறந்துவிட ஒரு தாத்தா உண்டா? தொழிற்சாலைக் காலத்துக்கு முன் உலகக் கடலின் பிஎச் சுமார் 8.2. இன்று சுமார் 8.1. கேட்க அற்பமாக இருக்கும். கணக்கில் அது அமிலத்தன்மை ஏறக்குறைய 30 விழுக்காடு கூடியதற்குச் சமம். உலகமே கதவடைத்த ஹால் ஆகிவிட்டது, ஐயா!

அந்தச் சேதியைப் பேப்பரில் படித்தால் பக்கம் புரட்டிவிடுவோம். வீட்டுத் தொட்டியில் இரண்டு மீன் மூச்சு வாங்கும்போதுதான், இந்த 0.1 என்றால் என்ன என்று ஒரு பிள்ளைக்கு உறைக்கிறது. அந்தப் பேரன் ஏழாவது வாரம், அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமானபின், பண்ணையில் வளர்த்த ஒரு சிறு பவளத் துண்டை வைத்தான். கடலிலிருந்து பிடுங்கியதை வாங்க மாட்டேன் என்று அவனே சொன்னான். பால் வெட்டிய தாத்தா தினமும் காலையில் பிஎச் அளந்து நோட்டில் எழுதுகிறார்.

பொறுமை இல்லாதவனுக்கு இது வீண்செலவு, ஒப்புக்கொள்ளலாம். பொறுமை உள்ளவனுக்கு இது ரசனை. ரசனைக்கும் மேலே, கடலைப் பற்றிய படிப்பு. நல்ல தீர்ப்பு வழங்குங்கள், நடுவர் அவர்களே.