ஸ்டாப்வாட்ச் யார் கையில்?

(புதுக்கோட்டையில் கல்லூரி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

 

விளையாட்டும் சாதியும் என்று தலைப்புக் கொடுத்தார்கள். பதக்கம் வாங்கியவர்களின் பட்டியலை வாசிப்பேன் என்று எதிர்பார்த்து வந்திருந்தால் மன்னிக்கவும். பதக்கத்துக்கு வெகுகாலம் முன்னால் ஒரு நாள் வருகிறது. செலக்‌ஷன் நாள். நம் பிள்ளைகளில் பலருடைய விளையாட்டு அன்றோடு முடிந்துவிடுகிறது. அந்த நாளைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். எங்கள் தெரு கபடி டீமில் அவன்தான் பாடப் போகிறவன். ஆள் கொஞ்சம் கட்டையாக, கருங்கல் மாதிரி இருப்பான். கல்லூரியில் சேர்ந்த வருஷம் டீம் செலக்‌ஷனுக்குப் போனான். உயரம், எடை எடுத்தார்கள். ஓடச் சொன்னார்கள், நின்ற இடத்திலிருந்து தாண்டச் சொன்னார்கள். அப்புறம் மேட்டில் இரண்டே இரண்டு ரைடு. பிறந்ததிலிருந்து செம்மண்ணில் வெறுங்காலோடு ஆடியவன், அன்றைக்குத்தான் மேட்டைக் காலால் தொட்டான். இரவல் ஷூ, அதுவும் ஒரு சைஸ் பெரிது. இரண்டாவது ரைடில் வழுக்கினான். தேர்வாளர் ஒருவர் அவன் ஊரைக் கேட்டார், பிறகு எந்தத் தெரு என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: “நல்ல உடம்புடா உனக்கு. பாடுறதுக்கெல்லாம் மூளை வேணும். நீ பிடிக்கு நில்லு.”

நின்றான். மூன்று வருஷம் கார்னரில் நின்று கணுக்கால் கணுக்காலாகப் பிடித்தான். முழங்கால் போனது. இப்போது டாடா ஏஸ் ஓட்டுகிறான்.

பிடிப்பது மட்டமான வேலை என்று நான் சொல்லவில்லை. நல்ல கார்னர் இல்லாத டீம் ஜெயிக்காது. ஆனால் பாடுகிறவனுக்கு முப்பது வினாடியில் என்னென்ன கணக்கு என்று பாருங்கள். எதிரே ஆறு பேர் நின்றால்தான் போனஸ் உண்டு, ஐந்து பேரென்றால் இல்லை. இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பியிருந்தால் மூன்றாவது முறை புள்ளி எடுத்தே ஆகவேண்டும். இந்தக் கணக்கையெல்லாம் என் அண்ணன் பன்னிரண்டு வயதிலிருந்து மூச்சுக்குள்ளேயே போட்டுக்கொண்டிருந்தான். அதை அளக்கிற டேப் அந்த மைதானத்தில் இல்லை. தெருப் பெயரைக் கேட்கிற வாய் இருந்தது.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டும்தானா என்று தேடியபோதுதான் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பக்கம் போனேன். நம் கால்பந்து இல்லை இது. முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிற, எறிகிற ஆட்டம். அங்கே தொழில்முறை லீகான என்எஃப்எல் ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கிறது. அதற்கு டிராஃப்ட் என்று பெயர். 32 அணிகள், ஏழு சுற்று. போன வருஷம் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. நம் புரோ கபடியில் நடப்பது ஏலம். இங்கே பணம் வைத்திருப்பவர் பேசுவார், அங்கே வரிசை பேசும்.

டிராஃப்டுக்கு முன்னால் முந்நூறுக்கும் மேற்பட்ட வீரர்களை வரவழைத்து அங்குலம் அங்குலமாக அளக்கிறார்கள். கை நீளம், உள்ளங்கை அகலம், 40 கஜ ஓட்டம், சுமார் 102 கிலோ எடையை எத்தனை தடவை தூக்குகிறான் என்பது எல்லாம் கணக்கில் உண்டு. பன்னிரண்டு நிமிஷத்தில் ஐம்பது கேள்வி கொண்ட ஓர் ‘அறிவுத் தேர்வு’கூட இருந்தது. 2022இல்தான் அதைக் கைவிட்டார்கள். இவ்வளவு அளந்தும், 2000ஆம் ஆண்டு டாம் பிராடியை 199ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். அவர் பின்னாளில் ஏழு சூப்பர் பவுல் ஜெயித்தார்.

பிராடி வெள்ளையர். அவர் விஷயத்தில் டேப் ஏமாந்தது, அவ்வளவுதான். கறுப்பர்கள் விஷயத்தில் நடந்தது வேறு. அந்த ஆட்டத்தின் மூளை என்று சொல்லப்படும் இடம் குவார்ட்டர்பேக். 1970இல் லாய், மெக்கெல்வோக் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் அமெரிக்க விளையாட்டில் யார் எந்த இடத்தில் ஆடுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். ஆட்டத்தை நடத்தும் மைய இடங்களில் வெள்ளையர்கள், ஓரங்களில் கறுப்பர்கள். வாரன் மூன் என்ற கறுப்பின வீரர் 1978 ரோஸ் பவுல் போட்டியில் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர். அந்த வருஷ டிராஃப்டில் அவரை ஒரு அணியும் எடுக்கவில்லை. வேறு இடத்தில் ஆட அவர் சம்மதிக்கவில்லை. கனடாவுக்குப் போனார், அங்கே தொடர்ந்து ஐந்து முறை கோப்பை வென்ற அணியில் ஆடினார். என்எஃப்எல் அவரைக் கூப்பிட 1984 ஆனது.

பழைய கதை என்று நினைக்காதீர்கள். லமார் ஜாக்சனை 2018இல் 32ஆவது ஆளாக எடுத்தார்கள். குவார்ட்டர்பேக்காக வேண்டாம், பந்து பிடிக்கப் போகட்டும் என்று அதற்கு முன்பு அறிவுரை சொன்னவர்கள் உண்டு. அடுத்த வருஷமே அவர் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். தலையில் அடிபட்ட முன்னாள் வீரர்களுக்கு இழப்பீடு தரும்போதுகூட, கறுப்பர்களின் அறிவுத்திறன் ஆரம்பத்திலேயே குறைவு என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதை நிறுத்த லீக் ஒப்புக்கொண்டது 2021இல். படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

“நல்ல உடம்புடா உனக்கு.” நாங்கள் பாராட்டு என்று நினைத்த வாக்கியம் இது.

பல்வங்கர் பாலுவை நினைத்துக்கொள்ளுங்கள். புனே கிளப்பில் வெள்ளைக்காரர்களுக்கு மணிக்கணக்காகப் பந்து வீசிய தலித் இளைஞர். 1911இல் இங்கிலாந்து போய் நூறுக்கும் மேல் விக்கெட் எடுத்தார். விக்கெட் எடுக்க அவர் கை வேண்டியிருந்தது, ஆனால் இந்து அணியின் கேப்டனாக அவரை ஒருநாளும் ஆக்கவில்லை. (அதே பாலு 1937 தேர்தலில் காங்கிரஸ் சார்பில் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.)

நம் மாவட்டத்துக்கு வருகிறேன். கத்தக்குறிச்சி சாந்தி. செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. ஓடி முடித்த பிறகு பாலினச் சோதனை வைத்தார்கள், பதக்கத்தைப் பறித்தார்கள். கலைஞர் அரசு 15 லட்சம் கொடுத்தது. நாட்டின் விளையாட்டு அமைப்புகள் அவருக்காக வழக்காடவில்லை. 2009இல் காஸ்டர் செமன்யாவுக்கு இதே மாதிரிச் சோதனை வந்தபோது தென்னாப்பிரிக்காவே கூட நின்றது, அவர் தங்கம் அவரிடமே இருக்கிறது. 2014இல் டூட்டி சந்துக்கு விளையாட்டு ஆணையம் துணை நின்றது, சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அந்த விதியையே நிறுத்தி வைத்தது. சாந்தி 2012இல் மறுபடி சூளையில் கல் சுமந்துகொண்டிருந்தார்.

இங்கே பலருக்குத் தெரியாத பகுதி ஒன்று உண்டு. பதக்கம் போன பிறகு, பரிசாக வந்த பணத்தைப் போட்டு, சாந்தி இதே புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தார். பிறகு பயிற்சியாளர் பட்டயம் படித்தார், தமிழ்நாடு அரசின் பயிற்சியாளர் ஆனார். எந்த உடம்பை அளந்து வெளியே தள்ளினார்களோ, அந்த ஆள் இன்று நேரம் எடுக்கும் இடத்தில் நிற்கிறார். என் ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது பதக்கத்தைவிட இதுதான்.

அளக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. டேப்புக்குச் சாதி தெரியாது. அளந்து எழுதிய எண்ணைப் பலகையில் போட்டால் நம் பிள்ளைகளுக்கு நல்லதுதான். எண்ணை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “பார்த்தாலே தெரியும்” என்று முடிவு சொல்கிறார்களே, அங்கேதான் தெரு உள்ளே வருகிறது. அதனால் மதிப்பெண் பட்டியலைக் கேளுங்கள். எந்த இடத்தில் ஆடுகிறாய் என்று பிள்ளையிடம் கேட்டு, அந்த இடத்தில் ஆடவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு ரைடு போதாது, பத்தாவது கொடுக்க வேண்டும். செலக்‌ஷனுக்கு ஒரு வாரம் முன்பாவது மேட்டில் கால் வைக்க வழி வேண்டும். தேர்வாளர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடலாம், பத்து ரூபாய்தான் செலவு.

இதெல்லாம் நடக்க நாளாகும். அதுவரை செலக்‌ஷனுக்குப் போகிற பிள்ளையோடு உங்களில் ஒருவர் கூடப் போங்கள். அவன் கால் அளவுக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கிக்கொண்டு போங்கள்.

போன பொங்கலுக்கு எங்கள் தெரு டீமை அண்ணன்தான் எடுத்தான். வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு பையனையும் கூப்பிட்டுக் கேட்டான்: “நீ என்னடா ஆடுவ?” ஒல்லியாக ஒருவன் பாடுவேன் என்றான். அண்ணன் அவனை மேலும் கீழும் பார்க்கவில்லை. “சரி, போய்ப் பாடு” என்றான்.